காரணம் தேடுவது கடவுளைத் தொலைப்பதா?

சில திங்களுக்கு முன்னர்த் தமிழாசிரியர்கள் கூடிய கருத்தரங்கு ஒன்றில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். அவர்தம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவனின் தங்கை டெங்கிக் காய்ச்சலில் மாண்டு போனாள். துக்கம் கழிந்து பள்ளிக்குத் திரும்பிய அச்சிறுவன், "ஐயா, என் தங்கை ஏன் செத்தாள்?" என்று கேட்டானாம். "நான் என்ன விடை கூறுவது?" என்பதே இளைஞரின் வினா.

மேடையில் வீற்றிருந்த பெரியவர்கள் இருவர் விடையளித்தனர். "எல்லாம் ஆண்டவன் விதித்தது. அதற்குமேல் காரணம் தேடுவது ஆணவம்" என்றார் ஒருவர். "கொசு கடித்தது, கிருமி புகுந்தது, குழந்தை இறந்தது. அவ்வளவே! மற்றவை யாவும் மூடத்தனம்" என்றார் மற்றவர். அம்மட்டோடு நின்றிருந்தால் நான் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டேன். இருவருமே தத்தம் கட்சிக்கு யூத மக்களைச் சான்றுக்கு அழைத்தனர். "யூதர்களைப் பாருங்கள். அறிவியல் அனைத்தும் தங்கள் மறையிலேயே அடங்கியிருப்பதாக நம்பியதால்தான் உயர்ந்தார்கள்" என்றார் முன்னவர். "இல்லை, மறையைத் தூக்கி எறிந்ததால்தான் ஐன்ஸ்டைன்களைப் பெற்றார்கள்" என்றார் பின்னவர். அவையோர் இரண்டிற்கும் கைதட்டினர்!

ஒன்றுக்கொன்று முரணான இரு கூற்றுகளும் பொய் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யூதச் சிந்தனை மரபில் காரண காரியம் பற்றியும், இறைப் பராமரிப்பு பற்றியும், இயற்கையறிவு பற்றியும் நடந்த வாதங்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையன. அவற்றைப் புரட்டிக்கூடப் பாராமல் அம்மக்களைச் சான்றுக்கு இழுப்பது அறிவுடையார்க்கு அழகன்று.

மறையில் எல்லாம் உண்டா?

முதலில் முன்னவரின் கூற்றை ஆராய்வோம். யூதர்களின் சட்டக் களஞ்சியமாகிய தல்மூதில் ஒரு செய்தி காணப்படுகிறது. இரவில் கதிரவன் எவ்வழியே செல்கிறது என்று யூத அறிஞர்களுக்கும் பிற இனத்து அறிஞர்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. வானத்திற்கு மேலே செல்கிறது என்றனர் யூதர். நிலத்திற்குக் கீழே செல்கிறது என்றனர் மற்றவர். அப்போது யூதச் சட்டத்தைத் தொகுத்த தலைவராகிய ரபி யூதா அளித்த தீர்ப்பு யாது? பிறர் கூற்றே நம் கூற்றினும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது என்றார் அவர். அதற்குக் காரணமும் காட்டினார். ஊற்றுநீர் பகலில் குளிர்ந்தும் இரவில் வெதுவெதுப்பாகவும் இருப்பதே அவர் காட்டிய காரணம். அக்காரணம் இன்றைய அறிவியலுக்கு ஒவ்வாது. ஆயினும் அவருடைய நேர்மை எக்காலத்திற்கும் ஒக்கும். தம் மறையோர் சொன்னது என்பதற்காகத் தவற்றைக் கட்டிக்கொண்டு அழவில்லை அவர். பிறன் சொன்னான் என்பதற்காக உண்மையைத் தள்ளவுமில்லை. அந்த ஒப்புதலை அழிக்காமல் தங்கள் புனித ஏட்டிலேயே பொறித்து வைத்தனரே, அதுவன்றோ பெருமை!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் இதனை மேலும் தெளிவாக்கினார். 1138இல் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபா நகரில் பிறந்து, எகிப்தில் வாழ்ந்து, 1204இல் மறைந்த இப்பெருமகனார் யூத நெறியின் மாபெரும் சட்ட அறிஞர், மருத்துவர், மெய்யியலார். 1190 அளவில் அரபு மொழியில் அவர் எழுதி முடித்த 'மயங்குவோர்க்கு வழிகாட்டி' என்னும் நூலில், வானியல் பற்றி முன்னோர் கூறியவை இறைவாக்கினரிடமிருந்து வந்தவை அல்ல என்றும், அக்காலத்து அறிவின் அளவுக்கு உட்பட்டவை என்றும், அவை ஒவ்வொன்றையும் மெய்ப்பிக்கப்பட்ட உண்மையோடு பொருத்திக் காட்டவேண்டிய கடமை நமக்கில்லை என்றும் எழுதினார். இப்படி எழுதியவரையா 'மறையில் எல்லாம் உண்டு' என்னும் கட்சிக்குச் சான்றாக அழைப்பது?

மறையை எறிந்ததால் வந்த அறிவா?

இனிப் பின்னவரின் கூற்று. யூதர்கள் நெறியைக் கைவிட்ட பின்னரே இயற்கையை ஆராய்ந்தனர் என்பது வரலாறு அறியாதார் கூற்று. மைமோனிடிஸ் சலாதீன் மன்னரின் அமைச்சரான அல் ஃபாதிலுக்கு மருத்துவராக இருந்தார். ஈளை நோய் பற்றியும் நஞ்சுமுறிவு பற்றியும் நூல்கள் எழுதினார். அவருக்குப் பின், 1288 முதல் 1344 வரை தென்பிரான்சில் வாழ்ந்த லெவி பென் கெர்சோன் விவிலிய உரையாசிரியர். அதே வேளையில் தம் கண்ணாலும் கருவியாலும் வானை அளந்தவர். கோள்களுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்க 'யாக்கோபின் கோல்' என்னும் கருவியை விளக்கி எழுதினார். தாலமியின் நிலவுக் கணக்கு சரியானால், நிலவு சில நாள்களில் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தோன்றவேண்டும். வானில் அப்படி ஒன்றும் தோன்றவில்லையே என்று சுட்டிக்காட்டினார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மேற்குலகம் தலைவணங்கிய தாலமியை மறுக்கும் துணிவு நெறியை எறிந்தவரிடமிருந்தா வந்தது? நெறியில் நின்ற ரபி ஒருவரிடமிருந்தல்லவா வந்தது!

ஆயினும் உண்மையை மறைத்தல் கூடாது. யூதர் எல்லாரும் இவ்வழியே நடந்தனர் என்று நான் கூறவில்லை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாஹ்மனிடிஸ் என்னும் பேரறிஞர், நமக்கு நேர்வன அனைத்தும் இறைவனின் மறைவான அற்புதங்களே, அவற்றில் இயற்கையின் போக்கு என ஒன்றில்லை என்று உரை வகுத்தார். இறைவனுக்கு உகந்தவர் வீட்டில் மருத்துவனுக்கு என்ன வேலை என்றுகூட வினவினார். ஆனால், அவரே ஒரு மருத்துவர்! உயிர் காக்கும் மருத்துவம் இறைக் கட்டளை என்று வேறொரு நூலில் எழுதியவரும் அவரே. 1305இல் பார்சிலோனா நகரில் ரபிகள் கூடி, 25 அகவை நிரம்பாதவர் கிரேக்க மெய்யியலும் இயற்கையியலும் பயிலக் கூடாது என்று ஐம்பது ஆண்டுக்குத் தடை விதித்தனர். அத்தடையிலும் மருத்துவக் கல்விக்கு விலக்கு அளித்தனர். காரணம் தேடுதலை அஞ்சியவர்களாலும் நோயின் காரணத்தைத் தேடாமல் இருக்க முடியவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும்.

உணவும் மருந்தும்

காரணத்தைத் தேடுபவன் கடவுளை மறந்தவன் என்பார்க்கு மைமோனிடிஸ் அளித்த விடை மிக எளியது. எசேக்கியா என்னும் பழங்கால மன்னன் மருந்து நூல் ஒன்றை மறைத்துவிட்டான் என்றும், அறிஞர்கள் அவனைப் பாராட்டினர் என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. மக்கள் மருந்தை நம்பி இறைவனை மறந்ததால் மறைத்தான் என்று சிலர் விளக்கம் கூறினர். மைமோனிடிஸ் இவ்விளக்கத்தைக் கேட்டுச் சினந்தார். பசித்தவன் உணவை உண்டு பசி தீர்கிறான். அவன் இறைவன்மீது வைத்த நம்பிக்கையை விட்டுவிட்டான் என்போமா? உண்ணும்போது உணவைத் தந்தவனுக்கு நன்றி கூறுவதுபோல, நலம் பெறும்போது மருந்தைத் தந்தவனுக்கு நன்றி கூறலாமே என்றார்.

இதற்கு மறுமொழி கூற வல்லார் யார்? 'எல்லாம் அவன் செயல்' என்று காய்ச்சலுக்கு மருந்து உண்ண மறுப்பவன் பசிக்குச் சோறு உண்ண மறுப்பதில்லையே! அவனுடைய இறைநம்பிக்கை வயிற்றுக்கு அப்பால்தான் தொடங்குகிறதோ?

இறைவாக்கினர் நூல்களில் காற்று வீசியதும், மன்னன் படையெடுத்ததும், சிறு புழு ஒரு செடியை அரித்ததும் இறைவன் செயலாகவே கூறப்படுகின்றனவே என வினவலாம். இதற்கும் 'வழிகாட்டி'யில் விடை உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அண்மைக் காரணம் ஒன்றுண்டு. அதற்கு முன் ஒன்று. அதற்கும் முன் ஒன்று. இவ்வாறு சென்று முடிவில் முதற்காரணமாகிய இறைவனை அடைகிறோம். இறைவாக்கினர் இடைக்காரணங்களை விடுத்து முதற்காரணத்தை மட்டும் மொழிகின்றனர் என்றார் மைமோனிடிஸ். சுருக்கிக் கூறுவது இறைவாக்கினர் மொழிநடை. சுருங்கியதை விரித்துப் பார்ப்பது அறிவியலின் பணி. இரண்டும் ஒரே சங்கிலியைப் பற்றிய பேச்சே. ஒருவர் நுனியைக் காட்டுகிறார். மற்றவர் கண்ணிகளை எண்ணுகிறார். நுனியைக் காட்டியவரின் பெயரைச் சொல்லிக் கண்ணிகளை எண்ணுபவனின் கையைக் கட்டுவது எந்த நெறி?

எருசலேம் வீழ்ந்தது எதனால்?

தென்பிரான்சு நாட்டு யூத அறிஞர்கள் சோதிடம் பற்றி ஐயம் கேட்டு மைமோனிடிசுக்கு எழுதினர். 1195 அளவில் அவர் விடுத்த மறுமொழி, மூடநம்பிக்கைக்கு எதிராக இடைக்காலம் ஈன்ற கூரிய வாள்களுள் ஒன்று. அறிவால் மெய்ப்பிக்கப்பட்டது, ஐம்பொறிகளால் உணரப்பட்டது, இறைவாக்கினரிடமிருந்தோ சான்றோரிடமிருந்தோ பெறப்பட்டது ஆகிய மூன்றையே மனிதன் நம்பவேண்டும் என்றார். ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதீர்; பொய்யன் நாவால் பொய்யுரைப்பதுபோலக் கையாலும் எழுதுவான் என்பது அவர் எச்சரிக்கை.

அம்மடலில் அவர் கூறிய மற்றொரு கருத்துத்தான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. எருசலேம் திருக்கோயில் வீழ்ந்தது எதனால்? கி.பி. 70இல் உரோமர் அதனை எரித்தனர். இல்லாத பகைமையை வளர்த்த பாவத்தால் அழிந்தது என்பது தல்மூது வழங்கும் விடை. மைமோனிடிசோ, நம் முன்னோர் சோதிட நூல்களில் மூழ்கிக் கிடந்தனர், போர்க்கலையைக் கற்கவில்லை, அதனால் அரசை இழந்தோம், கோயிலை இழந்தோம் என்று எழுதினார்.

இவ்விடையின் ஆழத்தைப் பாருங்கள். தண்டனை எங்கிருந்தோ இடியாக வந்து விழவில்லை. எதைக் கற்கவேண்டுமோ அதைக் கல்லாமை குற்றம். கல்லாததால் நேர்ந்த தோல்வி அதன் விளைவு. குற்றமும் காரணமும் ஈண்டு ஒன்றாகிவிடுகின்றன. 'இறைவன் கைவிட்டான்' என்று கூறி எழுந்து போகாமல், 'நாம் எதைச் செய்யத் தவறினோம்?' என்று கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது.

அதே மடலில் அவர் இறைப் பராமரிப்பைக் கைவிடவுமில்லை. ஒருவன் தோல் பதனிடும் ஏழை; மக்களை இழந்தவன். மற்றொருவன் நறுமணப் பொருள் விற்கும் செல்வன்; மக்களோடு வாழ்பவன். தற்செயல் என்பர் மெய்யியலார். விண்மீனின் வேலை என்பர் சோதிடர். நாமோ, இது நீதியின்பாற்பட்டது, ஆயினும் அந்நீதியை நாம் முற்ற அறியோம் என்கிறோம் என்றார். காரணத்தைத் தேடு, ஆனால் எல்லாக் காரணமும் அறிந்தவனைப்போல் பேசாதே. இதுவே அவர் நிலை.

தற்செயல் என்பவரின் கொடுமை

அறிவியலின் பெயரால் 'அவ்வளவே!' என்று கைகழுவிய இரண்டாம் பெரியவரும் இனித் தப்ப முடியாது. மைமோனிடிஸ் தொகுத்த 'மிஷ்னே தோரா' என்னும் சட்ட நூலில் நோன்பு பற்றிய பகுதி ஒன்றுண்டு. ஊருக்குக் கேடு வந்தால் மக்கள் ஒன்றுகூடி முறையிட்டுத் தம் செயல்களை ஆராயவேண்டும். அவ்வாறு செய்யாமல், 'உலக இயல்பு இது. தற்செயலாக நேர்ந்தது' என்று கூறுவது கொடுமையின் வழி என்கிறார் அவர். சொல்லை நோக்குக! அறியாமை என்றோ, நம்பிக்கையின்மை என்றோ அவர் கூறவில்லை, கொடுமை என்றார். ஏன்? அப்படிக் கூறுபவர் தம் தீய வழிகளைத் திருத்திக்கொள்ள மாட்டார். கேடு மேலும் கேட்டை ஈனும்.

கொசு கடித்தது உண்மை. ஆனால் கொசு எங்கே பிறந்தது? தேங்கிய நீரில். நீர் ஏன் தேங்கியது? கால்வாயை அடைத்தது யார்? தொட்டியை மூடாமல் விட்டது யார்? 'அவ்வளவே' என்று முடிப்பவர் உண்மையில் அறிவியலையும் முடித்துவிடுகிறார். விதி என்று முடித்தவருக்கும் கொசு என்று முடித்தவருக்கும் என்ன வேறுபாடு? இருவரும் வினாவைப் பாதியிலே புதைத்தவர்கள்.

யோபின் நண்பர்கள்

அப்படியானால் துன்பப்படுவோரிடம் சென்று 'உன் பாவம்தான் காரணம்' என்று கூறலாமா? கூடாது! இங்கே யூத மரபு மிகக் கண்டிப்பான கோடு ஒன்றைக் கிழிக்கிறது. விவிலியத்தில் யோபு என்பவன் மக்களையும் செல்வத்தையும் உடல் நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்கிறான். நண்பர்கள் வந்து, குற்றம் செய்யாதவன் துன்புறுவானா என்று இடித்துரைக்கின்றனர். கதையின் முடிவில் இறைவன் சினந்தது யார்மீது? கேள்வி கேட்ட யோபின்மீது அன்று. இறைவனுக்காக வாதாடியதாக எண்ணிய அந்த நண்பர்கள்மீது! துன்புறுவோரிடம் யோபின் நண்பர் பேசியதுபோல் பேசுதல் ஆகாது என்று தல்மூது அதனைச் சட்டமாகவே ஆக்கியது.

ஆகவே 'ஏன்?' என்னும் சொல் மூவகைப்படும். நோயைத் தடுக்க மருத்துவன் கேட்பது ஒன்று. தன் செயலைத் திருத்த ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்வது மற்றொன்று. பிறனைக் குற்றவாளியாக்க அவன் தலைமாட்டில் நின்று கேட்பது மூன்றாவது. முதல் இரண்டும் கடமை, மூன்றாவது பாவம்.

இது ஏட்டளவில் நின்ற வாதமன்று. 1941 முதல் 1945 வரை நாசிகள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்று குவித்தனர். அதன்பின் சிலர் இதுவும் பாவத்தின் தண்டனையே என்று கூறத் துணிந்தனர். யூத அறிஞர் பலர் கொதித்தெழுந்தனர். 1966இல் ரிச்சர்டு ரூபன்ஸ்டைன், வரலாற்றை நடத்தும் இறைவன் என்னும் கருத்தையே இனி ஏற்க இயலாது என்றார். 1973இல் எலியேசர் பெர்கோவிட்ஸ், இறைவன் முகத்தை மறைத்துக்கொள்வதாலேயே மனிதன் உரிமையோடு இயங்க முடிகிறது என்று விளக்க முயன்றார். இவர்களுள் யார் கூற்று சரி என நான் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆயினும் ஒன்று உறுதி. நச்சுப்புகை அறைகளைக் கட்டியவை மனிதக் கைகள். 1935இல் நூரெம்பெர்கில் சட்டம் இயற்றியவர் மனிதர். அந்தக் காரணங்களை ஆராய மறுத்துப் பழியை மாண்டவர்மேல் போடுவது, கொன்றவனை விடுத்துப் பிணத்தை விசாரிப்பதாகும்.

போசன் நகர் காட்டிய வழி

1831இல் காலரா ஐரோப்பாவில் பரவியபோது, பிரஷ்ய ஆட்சியிலிருந்த போசன் நகரின் ரபி அகீவா ஏகர் என்ன செய்தார்? காலராவின் கிருமியை அன்று எவரும் அறியார். தொழுகையை நிறுத்துங்கள் என்றாரா? இல்லை. தொழுகை போதும், வேறு காப்பு வேண்டா என்றாரா? அதுவுமில்லை. கூட்டமாக நெருக்கியடித்துத் தொழாமல் ஏறத்தாழ 15 பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து தொழுமாறு பணித்தார். தூய்மையைப் பேணவும், நீரைக் காய்ச்சிப் பருகவும், மருத்துவர் சொற்படி நடக்கவும் வலியுறுத்தினார். அவர் தொண்டைப் பாராட்டிப் பிரஷ்ய மன்னர் நன்றி தெரிவித்தார். ஒரே மனிதர், ஒரே நாளில், ஒரே அறிவிப்பில் இறைவனையும் அழைத்தார், காரணத்தையும் அடைத்தார். இதில் முரண்பாடு எங்கே?

ஸ்பினோசாவின் வினா

இறைப் பராமரிப்பை அறவே மறுத்த யூதரும் உண்டு. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் விலக்கி வைத்த ஸ்பினோசா அவருள் தலையாயவர். கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் இறந்தால், காற்று ஏன் அப்போது வீசியது, அவன் ஏன் அவ்வழி வந்தான் என்று ஏனென்று கேட்டுக்கொண்டே சென்று, முடிவில் இறைவனின் விருப்பம் என்னும் அறியாமையின் புகலிடத்தில் போய் ஒளிந்துகொள்கின்றனர் என்று அவர் எள்ளினார். அவர் எள்ளியது யாரை? காரணம் தேடச் சோம்பியவரை. மைமோனிடிஸ் கண்டித்ததும் அவரைத்தானே! இறைவனைப் பற்றி எதிரெதிர்க் கரையில் நின்ற இருவரும் சோம்பலை எதிர்ப்பதில் ஒரே அணியில் நிற்கின்றனர். 1929இல் ஐன்ஸ்டைன், தாம் நம்புவது ஸ்பினோசாவின் இறைவனை என்று ரபி ஒருவருக்குத் தந்தி அனுப்பினார். உலகின் ஒழுங்கில் வெளிப்படும் இறைவன் அவன். ஐன்ஸ்டைனைச் சான்றுக்கு அழைத்த நண்பர் இதையும் நினைவிற்கொள்ளட்டும்.

ஆசிரியப் பெருமக்களே!

நம் வள்ளுவர் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'ஆள்வினையுடைமை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லி மற்றொன்றை மூடிவைப்பது வள்ளுவருக்கும் இழுக்கு, மாணவருக்கும் கேடு.

மைமோனிடிசுக்குத் தாவீது என்னும் தம்பி இருந்தான். மணிகள் விற்கும் வணிகன். இந்தியப் பெருங்கடலில் மூழ்கி மாண்டான். அண்ணன் ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் வீழ்ந்தார். 1185இல் எழுதிய மடலில், மறை நூலும் துயரை மறக்கச் செய்யும் அறிவியலும் இல்லாதிருந்தால் தாம் அழிந்தே போயிருக்கக் கூடும் என்று குறிப்பிட்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். காரண காரியம் பேசிய அப்பேரறிஞரும் உடன்பிறப்பைக் கடலுக்குக் கொடுத்துக் கதறியவர்தாம்.

எனவே அந்தச் சிறுவனுக்கு என்ன விடை கூறுவது? முதலில் அவனோடு அமர்ந்து அழவேண்டும். யோபின் நண்பர்கள் வாய் திறப்பதற்கு முன் ஏழு நாள் பேசாது உடனிருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே. உன் தங்கையும் உன் பெற்றோரும் எக்குற்றமும் செய்யவில்லை என்று உறுதி கூறவேண்டும். பின்னர், நாள் பார்த்து, கொசுவைப் பற்றியும் கிருமியைப் பற்றியும் தேங்கிய நீரைப் பற்றியும் கற்பிக்கவேண்டும். அவன் கையைப் பிடித்துச் சென்று பள்ளிக்குப் பின்புறம் அடைபட்டுக் கிடக்கும் கால்வாயைக் காட்டவேண்டும். அதற்கும் அப்பால் அவன் கேட்டால், அதை நானும் அறியேன் என்று ஒப்புக்கொள்ள நாணவேண்டா.

அவன் இறைவனை வணங்கட்டும், அல்லது வணங்காது போகட்டும். ஆனால் அவனுடைய 'ஏன்?' என்னும் வினாவை மட்டும் நாம் கொன்றுவிடலாகாது. அவ்வினா பிழைத்தால், நாளை வேறொருவன் தங்கை பிழைப்பாள்.